நஜஃப்கட்டில் நாங்கள் வாங்காத துப்பாக்கி

இரண்டு வருடங்களுக்கு முன், தில்லியில் குளிர் இறங்க ஆரம்பித்திருந்த நவம்பர் மாதக் கடைசியில் நடந்தது இது. அப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நானும் என் கணவரும் மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கிறோம். வீடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தீபாவளிக்குப் பொட்டு வெடி வெடிக்கிற தகரத் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் கையில் எடுத்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் என் பெண், "எனக்கு ஏர் ரைஃபிள் வேணும்" என்று வந்து நின்றால் எப்படி இருக்கும்?

அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் பள்ளியில் ஒரு முகாம் நடத்தினார்கள். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன அட்டை, அதில் ஒரு கறுப்பு வட்டம், அதைக் காற்றுத் துப்பாக்கியால் சுட வேண்டும். மற்ற எந்த விளையாட்டும் என் மகளுக்கு ஒத்து வந்ததே இல்லை. பாட்மின்டன் ஆடினால் பந்து தலைக்குப் பின்னால் போய் விழும். கூடைப்பந்தில் முகத்தில் அடி வாங்கிக்கொண்டு வருவாள். ஆனால் துப்பாக்கி சுட்ட முதல் நாளே முகமெல்லாம் பூரித்துப் போய் வந்தாள்.

"அம்மா, அந்த ஓட்டை வழியா பாத்தா எல்லாமே அவ்வளவு க்ளியரா இருக்கும்மா. சச்சி, நிஜமா!" என்றாள்.

ஏதோ ஒன்றில் பெண்ணுக்கு ஆசை வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டோம். ஆரம்பத்தில் நன்றாகச் சுட்டாள். கோச்சும் பாராட்டினார். ஆனால் அக்டோபர் வாக்கில் மதிப்பெண்கள் இறங்க ஆரம்பித்தன. குறி வைப்பது ஓரிடம், குண்டு போவது வேறிடம் என்று தினமும் புலம்பல். "ரைஃபிள் சரியில்லம்மா. எத்தனை பேர் கை மாறினது தெரியுமா? பேக்கார் ரைஃபிள், ஒண்ணுக்கும் உதவாது." கோச்சும், கிளப் துப்பாக்கிகள் தேய்ந்துபோனவைதான், சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்றார். பிப்ரவரியில் அவள் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி இருந்தது. அதற்குள் வாங்கியாக வேண்டும் என்று என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

என் கணவர் அலுவலகத்தில் சாமான்கள் வாங்குகிற பிரிவில் இருப்பவர். ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலே நாலு கடை ஏறி இறங்குவார். துப்பாக்கி என்றதும் கேட்க வேண்டுமா? பழைய தில்லியில் துப்பாக்கிக் கடைகள் இருக்கும் தெருவுக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனார். முதல் கடைக்காரர் எங்களுக்கு வீடு எங்கே என்று விசாரித்துவிட்டு, "குரங்கு விரட்டவா?" என்று கேட்டார். அரசு குவார்ட்டர்ஸ் என்றதும் குரங்குத் தொல்லையாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். போட்டிக்கு என்று சொன்னதும், குழலை மடக்கி அழுத்துகிற துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்து, "இதைவிட வேகமா போறது தில்லியிலேயே கிடையாது" என்றார். அதை மடக்கவே என் மகளுக்குக் கையில் பலம் போதவில்லை.

மூன்று நான்கு கடைகள் ஏறி இறங்கியதில் கொஞ்சம் விஷயம் புரிந்தது. இலக்கு சுடுவதற்கு வேகம் முக்கியமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுட வேண்டும், அதுதான் முக்கியம். ஸ்பிரிங் வைத்த மலிவான துப்பாக்கி சுடும்போதே தூக்கிப் போடும். சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடுவது அசையாது, ஆனால் வெளிநாட்டுச் சரக்கு, புதிதாக வாங்குவது எங்களுக்குக் கட்டுபடியாகாது. அப்புறம்தான் கிளப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், பழைய துப்பாக்கி ஒன்று விலைக்கு வந்திருப்பதாக ஒரு செய்தி வந்தது. விற்பவர் ஒரு பெண். தேசிய அளவில் சுடுகிறவளாம். வீடு நஜஃப்கட்.

நான்தான் ஃபோன் செய்தேன். கேள்வி கேட்க வேண்டியவள் நான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேள்விகள் வந்தன. பெண் எவ்வளவு உயரம்? வலது கையா, இடது கையா? எவ்வளவு நாளாகச் சுடுகிறாள்? கண்ணாடி போடுவாளா? நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நல்ல ஹரியானா வாடை அடிக்கும் இந்தி, பட்டென்று பேசுகிற குரல். எடுத்த எடுப்பிலேயே என்னைத் தீதி, அக்கா என்று கூப்பிட்டாள்.

"நான் புதுசு ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன் தீதி. இதை வித்தாத்தான் அதை எடுக்க முடியும். இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஆனா நீங்க முதல்ல கேட்டீங்க. நீங்க வந்து பாக்கற வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். மெட்ரோவில் இரண்டு இடத்தில் மாறி நஜஃப்கட்டில் இறங்கும்போது பனிப்புகை இன்னும் கலையவில்லை. ஈ-ரிக்‌ஷாக்காரரிடம் வழி சொன்னதும், "ஓ, துப்பாக்கிக்காரப் பெண் வீடா?" என்று நேரே வாசலில் கொண்டுபோய் விட்டார்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும் அவளுக்கு. நெடுநெடுவென்ற உயரம். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஆயியே, ஆயியே" என்று உள்ளே கூட்டிப் போனாள். வீட்டுக்குப் பின்னால் நீளமான பழைய எருமைக் கொட்டகை. அதில் பாதியைத் தடுத்து, வெள்ளையடித்து, ஒரு கோடியில் இரும்புத் தகடும் விளக்கும் வைத்துச் சுடும் இடமாக, ஒரு ரேஞ்சாக, ஆக்கியிருந்தாள். இடுப்பளவுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எருமைகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. அங்கே சுட்டுப் பழகித்தான் அவள் தேசியப் போட்டி வரைக்கும் போயிருக்கிறாள்.

முதல் காரியமாகத் துப்பாக்கியின் குறைகளைத்தான் காட்டினாள். "இந்தக் கீறல் பாருங்க. ஒரு தடவை கீழ விழுந்துடுச்சு, நான்தான் போட்டேன். சிலிண்டருக்கு ஒரு ஆயுள் தேதி உண்டு, இதுல பொறிச்சிருக்கு, அப்புறம் மாத்தியாகணும். உள்ள இருக்கற ரப்பர் எல்லாம் போன மாசம் மாத்தினேன்." என் கணவர் கேட்கலாம் என்று யோசித்து வைத்திருந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். அப்புறம் துப்பாக்கியை மேசையில் ஒரு பிடியில் பொருத்தி, வரிசையாகச் சுட்டாள். அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது அதில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. அத்தனை குண்டும் ஒரே வழியாகப் போயிருக்கின்றன. என் கணவர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் அப்படி ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

"இப்ப நீ வா பேட்டா" என்று துப்பாக்கியைப் பிடியிலிருந்து கழற்றி, என் மகளை உட்கார வைத்தாள். நின்றுகொண்டு சுட்டால் கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும், முதலில் மேசையில் தாங்கி வைத்துச் சுடு என்றாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை, குழலின் நுனியில் ஒரு வளையம். துளை வழியாகப் பார்த்தால், தூரத்துக் கறுப்பு வட்டம் அந்த வளையத்துக்கு நட்டநடுவில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சுட்டாள்.

அட்டை வந்தது. குண்டுகள் மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கொத்து என்று இரண்டு இடத்தில் விழுந்திருந்தன.

"கைக்குப் புதுசு, பழக வேண்டாமா" என்றார் என் கணவர்.

அந்தப் பெண் போய் இன்னொரு அட்டை வைத்தாள். அதே மாதிரிதான். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகையின் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்பி வந்து, என் மகளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, எதையும் மாற்றாமல் தானே உட்கார்ந்து சுட்டாள். ஒரே ஓட்டை.

"பேட்டா, கை ஆடினா குண்டு சுத்திச் சிதறும். உனக்குச் சிதறல. ரெண்டு இடத்துல கரெக்டா அடிக்கறே. உனக்கு உள்ள என்ன தெரியுது? கோச் சொல்லிக் குடுத்ததைச் சொல்லாதே. உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

என் மகள் கொஞ்சம் யோசித்தாள். "வளையம் தெரியும். அதுக்குக் கீழ இன்னொரு வளையம், கொஞ்சம் லேசா, நிழல் மாதிரி. சில சமயம் மேல இருக்கறது அழுத்தமா இருக்கும், சில சமயம் கீழ இருக்கறது. எது அழுத்தமா இருக்கோ அதுல வட்டத்தை வெச்சு சுடுவேன்." எங்கள் மூவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?" என்றாள்.

நான் அவள் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண் பதற்றப்படவில்லை. பின்பக்கத்துத் துளையில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் துளை சிறுக்கும், பெருக்கும். அதை மெதுவாகத் திருப்பி ஊசி முனை அளவுக்குக் கொண்டுவந்தாள். "இப்ப?" "இப்ப ஒண்ணுதான் தெரியுது!" என்று கத்தினாள் என் மகள். அப்படியே சுடச் சொன்னாள். குண்டுகள் ஓரிடத்தில் விழுந்தன. துளையைப் பெரிதாக்கினாள். மறுபடி இரண்டு கொத்து.

பிறகு என் மகளின் இடது கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு, எருமைத் தொட்டிக்கு மேலே எரிந்துகொண்டிருந்த ஒற்றை பல்பைப் பார்க்கச் சொன்னாள். என்ன தெரியுது?

"பல்பு. அதுக்குக் கீழ வால் மாதிரி வெளிச்சம்."

"நிலா?"

"அது மூணு நாலு இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு." கண்ணாடி போட்டுக்கொண்டா, போடாமலா என்று கேட்டாள். "போட்டுக்கிட்டுத்தான்."

நான் அவளைப் பெற்றவள். எத்தனையோ முறை மொட்டை மாடியில் இருவரும் நின்று நிலாவைப் பார்த்திருக்கிறோம். அவள் மூன்று நான்கு நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தோம். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கடையில் பவர் ஏறியிருக்கிறது என்றார்கள். எல்லா அம்மாவையும் போல நான் மொபைலைக் குறை சொன்னேன்.

அவள் துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"தீதி, நான் டாக்டர் இல்ல. நான் சொல்றது தப்பா இருந்தா எனக்குத்தான் முதல்ல சந்தோஷம். பயிற்சி முகாம்ல என்கூட ஒரே ரூம்ல இருந்த பொண்ணு இதே மாதிரிதான் சொல்லுவா. ரெண்டா தெரியுது, லைட்டுக்கு வால் தெரியுதுன்னு. நாங்க எல்லாம் சிரிச்சோம். ரைஃபிளை மாத்தினா, கண்ணாடியை மாத்தினா, கோச்சை மாத்தினா. கடைசியில ஒரு கண்ணுக்கு வேற கருவிழி வெக்க வேண்டியதாப் போச்சு. கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கருவிழியை ஸ்கேன் பண்ணணும்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க."

"கண்டிப்பா பண்றோம் பேட்டா. துப்பாக்கியையும் எடுத்துக்கறோம்" என்றார் என் கணவர். பையில் பணத்தோடு வந்திருந்தார்.

"இன்னிக்கு இதைத் தர மாட்டேன் பாய்சாப்."

அவர் முகம் மாறிவிட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பேசியபடி பணமும் கொண்டுவந்திருக்கிறோம், கண்ணை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அவள் குரல் உயரவில்லை. "இதை நான் குடுத்தா நாளைக்கு நீங்க ரேஞ்சுக்குத்தான் போவீங்க. துளையைச் சின்னதாக்கி வெச்சுக்கிட்டா மார்க் ஏறும். மார்க் ஏறினா யாரும் கண்ணைப் பத்தி நினைக்க மாட்டீங்க. போட்டி முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடுவீங்க. என் ரைஃபிள் அவ கண்ணுல இருக்கற கோளாறை மறைச்சிடும். அதுக்கு நான் ஆள் இல்ல."

என் மகள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். மூடிய பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து போய், மண் தரையில் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அழாதே. இதைக் கேளு. ரெண்டு வளையம் தெரியறப்பவே ரெண்டுலயும் கரெக்டா அடிக்கறே நீ. எனக்கு ரெண்டு தெரிஞ்சா என் குண்டு எருமைமேலதான் போகும்" என்றாள். அழுகைக்கு நடுவே என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் கை சரி, மனசும் சரி. கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு வா."

கிளம்பும்போது சூடாகப் பால் கொடுத்தாள். என் கணவர் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில், "வேற யாரோ அதிகமாக் கேட்டிருக்காங்க. நம்மளை அனுப்பறதுக்கு ஒரு கதை" என்றார் தாழ்ந்த குரலில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அதுவே உண்மையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவள் பொய்க்காரியாக இருந்தால் என் பெண் கண்ணுக்கு ஒன்றுமில்லை அல்லவா?

மறுநாளே லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசை, கூட்டம், மறுபடி வரிசை. முதலில் பார்த்த இளம் டாக்டர் புதுக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுக்கப் பார்த்தார். அவள் சொன்னது போலவே, கருவிழியை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு கண்களும் வண்ண வண்ணப் படமாக வந்தன. வலது கண்ணின் கீழ்ப்பாதியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. இடது கண்ணிலும் சின்னதாக ஒன்று. பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

கெரட்டோகோனஸ் என்றார் அவர். கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிக்கொண்டு வருகிற நோய். கண்ணாடியில் அடங்காது. இந்த வயதில் வேகமாக முற்றும். அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக் கசக்கியே சில பிள்ளைகளுக்கு அதிகமாகிவிடும் என்றார். தில்லியில் தீபாவளி முடிந்ததும் வருகிற புகையில் கண்ணைக் கசக்காத பிள்ளை யார்? சின்னத் துளை வழியாகப் பார்த்தால் மட்டும் ஏன் தெளிவாகத் தெரிகிறது என்று என் கணவர் கேட்டார். வளைந்துபோன பாகம் வழியாக வருகிற வெளிச்சத்தைத் துளை தடுத்துவிடுகிறது, அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். "அந்த ஓட்டை வழியா பாத்தா எல்லாமே க்ளியர்" என்று என் பெண் முதல் நாள் துள்ளிக் குதித்ததற்கு அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா பேச்சே வேற. யார் அனுப்பினாங்க, எந்த டாக்டர்?" என்று கேட்டார்.

"டாக்டர் இல்ல. ஏர் ரைஃபிள் விக்கற ஒரு பொண்ணு" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மேலும் மெலியாமல் கருவிழியை இறுக்குவதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. சொட்டு மருந்து விட்டு, அதன் மேல் ஒரு வகை ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். உள்ளே அவள் இருந்தபோது என் கணவர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று ஃபோனை எடுத்து நஜஃப்கட்டுக்கு டயல் செய்தார். "பேட்டா, என்னை மன்னிச்சுடு. அன்னிக்கு நான் உன்னைப் பத்தித் தப்பா நினைச்சேன்" என்று ஆரம்பித்தார். பாதியிலேயே ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டார். நான் காதில் வைத்தபோது அவள், "அதெல்லாம் விடுங்க. ஸ்கேன்ல என்ன வந்துச்சு? எந்தக் கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கிட்வாய் நகருக்கு வந்துவிட்டாள். டிபன் டப்பாவில் கம்பு ரொட்டியும் வெண்ணெயும். கறுப்புக் கண்ணாடியோடு அறையில் திரையை மூடிக்கொண்டு கிடந்த என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போட்டிகளுக்கு ரயிலில் போன கதைகளையெல்லாம் சொன்னாள். நான் போட்ட ஃபில்டர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மருந்தா தீதி?" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

இதற்கெல்லாம் அவள் என்ன விலை கொடுத்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை, கிளப்பில் கோச் பேச்சுவாக்கில் சொன்னார். எங்களுக்காக அவள் காத்திருக்கச் சொன்ன அந்த இரண்டு பேரும் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். பழையது விற்காததால் புதியதை எடுக்க முடியவில்லை. டீலர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டியில் அவள் அந்தப் பழைய துப்பாக்கியோடுதான் நின்றாள். மயிரிழையில் அணியில் இடம் போய்விட்டது.

அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு நான் அழுதுவிட்டேன். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கண்ணுக்கு வைத்தியம் ஆரம்பிச்ச உடனேயே நாங்களே வாங்கியிருப்போமே" என்றேன்.

"எதுக்கு? அவ ஆறு மாசம் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள வளந்துடுவா. என் ரைஃபிள் அவ தோளுக்குச் சேராது. பாவம் பாத்து ரைஃபிள் வாங்கக் கூடாது தீதி" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு, "அந்த ரைஃபிள் ஒரே ஓட்டையில போடும்னு நீங்களே பாத்தீங்களே. அன்னிக்குச் சரியாச் சுடாதது நான். டீம் அடுத்த வருஷமும் எடுப்பாங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

இடது கண்ணுக்கும் சிகிச்சை முடிந்து, கருவிழிக்குப் பொருந்துகிற கெட்டி லென்ஸ் போட்டுப் பழகி, என் மகள் மறுபடி ரேஞ்சுக்குப் போனபோது அடுத்த வருடத்து மழைக்காலம் வந்திருந்தது. லென்ஸ் போட்ட முதல் நாள் வாசலில் நின்றுகொண்டு எதிர் பிளாக்கின் நம்பரையும், பால்கனியில் காயும் துணிகளின் நிறத்தையும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தார் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

துப்பாக்கி வாங்க அந்தப் பெண்ணும் எங்களோடு வந்தாள். அவளுடையதை அதற்குள் ஒரு பள்ளி வாங்கியிருந்தது. நாங்கள் பார்த்த முதல் துப்பாக்கி பளபளவென்று புதிது போல இருந்தது. என் மகளைக் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் வைக்கச் சொன்னாள். வைத்த பிறகு கண்ணைத் திறந்தால் துளை கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும், கழுத்தை வளைத்துத் தேடக் கூடாது என்றாள். தேட வேண்டியிருந்தது. வேண்டாம் என்றாள். இரண்டாவதைத் தூக்கிப் பார்த்ததுமே முன்பக்கம் கனம், இவள் முதுகு போய்விடும் என்றாள். மூன்றாவதாக ரோஹிணியில் ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போய்விட்ட பையனின் துப்பாக்கி. மாடல் பழையது, கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்தது. விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற விலை. என் மகள் கண்ணை மூடித் தோளில் வைத்தாள், திறந்தாள், "இது" என்றாள். அந்தப் பெண் நான்கைந்து வகைக் குண்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டுதான் ஒத்துப்போகுமாம். ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்கச் சொன்னாள். என் கணவர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

என் மகள் பெரிய சாம்பியன் ஆகிவிடவில்லை. போட்டிகளில் நடுவில் எங்கோ வருகிறாள். ஆனால் அந்தப் பெண் அடுத்த வருடத் தேர்வில் அணிக்குள் வந்துவிட்டாள். பார்க்க நாங்கள் மூவரும் போயிருந்தோம். சுடும் இடத்தில் கைதட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அவள் ஒவ்வொரு குண்டாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்து பெயர்களை அறிவித்ததும் முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் அவர்தான்.

அவளிடம் நாங்கள் போனது துப்பாக்கி வாங்க. அவளுக்கு வேண்டியிருந்தது அதை விற்பது. இருவர் வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு சிறுமியிடம் உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்கவும், பதிலை முழுசாகக் கேட்கவும் அவளுக்குப் பொறுமை இருந்தது. இப்போதெல்லாம் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது தடுமாறினால், காரணத்தை நானே முடிவு செய்துகொள்ளாமல் அவர்களிடமே கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.